பள்ளிக்கூடத்துக்கு ஒரு வீடு

கலியாணம் செய்து பார், வீட்டைக் கட்டிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பெரியவர்களில் எவரும் தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாடகை வீடு தேடி அலைந்ததில்லை என்பது நிச்சயம். அலைந்திருந்தால் பழமொழியில் மூன்றாவதாக இன்னொரு "பார்" சேர்ந்திருக்கும்.

நான் அலைந்தேன். ரயில்வே கணக்கு இலாகாவில் 34 வருஷம் பேரேட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வு பெற்றுச் சிட்லபாக்கத்தில் சுகமாகக் காலம் தள்ளிக் கொண்டிருந்தவன் நான். காலையில் பத்திரிகை, மாலையில் ஏரிக்கரையில் உலாவல், வேறு ஜோலி கிடையாது. ஏரிக்கரையில் என்னோடு உலாவிய நண்பர் ஒருவர் ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் தர்மகர்த்தாக்களில் ஒருவராயிருந்தார். "உங்களுக்குக் கணக்குத் தெரியும், பொழுதும் இருக்கிறது" என்று சொல்லி என்னைக் காரியதரிசியாக்கி விட்டார். கணக்குத் தெரிந்தவனுக்குப் பொழுது இருக்கக்கூடாது என்பதை நான் அப்போது அறியவில்லை.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மழலை வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையில் 212 குழந்தைகள். உபாத்தியாயினிகள் 11 பேர். மெப்ஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் ஆகியோரின் குழந்தைகளே பெரும்பாலும். நாங்கள் இருந்தது ஒரு பழைய மாடி வீடு. ஏழு அறைகள், ஒரு வேப்பமரம், பலகைக்கல் போட்டு மூடிய ஒரு கிணறு. வேறொன்றும் சொல்லிக் கொள்ளும்படி இல்லை. ஆனால் அந்த வேப்பமரத்தின் நிழல் காலை பத்தரை மணிக்கு எந்த வகுப்பு வரையில் வரும் என்பது அங்கே படித்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும்.

இந்த வீட்டுக்கு 2022ஆம் வருஷத்தில் மாதம் 78,000 ரூபாய் வாடகை கொடுத்தோம். கணக்குப் பிள்ளையின் புத்தி போகாதே! ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். குழந்தைகள் கட்டும் சம்பளம் 100 ரூபாய் வந்தால், அதில் 31 ரூபாய்ச் சொச்சம் வீட்டுக்காரருக்குப் போகிறது. மீதியில்தான் உபாத்தியாயினிகள், கரும்பலகை, மின்சாரம், பினாயில் எல்லாம். நாங்கள் வீட்டுக்காரருக்காகப் பள்ளிக்கூடம் நடத்துகிறோமா, குழந்தைகளுக்காக நடத்துகிறோமா என்ற சந்தேகம் அன்றைக்கு எனக்கு ஏற்பட்டது.

வீடு ஏன் இவ்வளவு அபூர்வமாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். தாம்பரத்தில் வீடுகளுக்கு என்ன குறை? வீடுகள் ஏராளம்; பள்ளிக்கூடம் நடத்தத் தக்க வீடுகள்தான் இல்லை. பள்ளிக்கூடம் என்றால் தாசில்தாரிடம் கட்டிட உரிமம் வாங்க வேண்டும். 1965ஆம் வருஷத்துப் பொதுக் கட்டிட உரிமச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பொறியாளர் வந்து பார்த்துக் கட்டிடம் உறுதியாயிருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். தீயணைப்புத் துறை தடையில்லை என்று சொல்ல வேண்டும். சுகாதார அதிகாரி கழிப்பிடத்தையும் குடிதண்ணீரையும் பார்க்க வேண்டும். படி குறுகலாயிருந்தால் ஆகாது. வெளியே போவதற்கு ஒரே வழி இருந்தால் ஆகாது. குடித்தனம் செய்வதற்காகக் கட்டிய வீடுகளில் பத்துக்கு ஒன்றுகூட இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை.

இந்த விதிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2004ஆம் வருஷம் ஜூலை 16ஆம் தேதியைத் தமிழ்நாட்டில் யார் மறக்க முடியும்? கும்பகோணத்தில் ஒரே கட்டிடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன. சமையற்கட்டில் கிளம்பிய நெருப்பு மேல் மாடியின் கீற்றுக் கூரையைப் பற்றியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் குழந்தைகளின் புகைப்படங்கள் வரிசையாகப் பத்திரிகையில் வந்த நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 2009இல், சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று: கல்வி பெறும் உரிமை என்றால் அதில் பத்திரமான கட்டிடத்தில் உட்கார்ந்து படிக்கும் உரிமையும் அடக்கம் என்று. அதைவிட நியாயமான வார்த்தை வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால், நியாயமான விதி ஒவ்வொன்றும் நல்ல வீடுகளின் எண்ணிக்கையை ஒரு படி குறைக்கிறது. மிஞ்சிய வீடுகளின் வாடகையை ஒரு படி ஏற்றுகிறது. இதுவும் உண்மைதான்.

நில அளவு விஷயம் இன்னும் வேடிக்கை. முன்னாள் துணைவேந்தர் சிட்டிபாபு அவர்களின் தலைமையில் அமைந்த குழு மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிலம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது. மாநகராட்சியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10, பேரூராட்சியில் ஒரு ஏக்கர், கிராமத்தில் மூன்று ஏக்கர். எங்களுக்கும் ஆறாம் வகுப்பு ஆரம்பிக்க வேண்டுமென்று வெகு நாள் ஆசை. ஆனால் சிட்லபாக்கமோ பேரூராட்சி. ஒரு ஏக்கர் என்றால் 18 கிரவுண்டுக்குச் சற்று மேல். இந்தப் பிராந்தியத்தில் 18 கிரவுண்டு வைத்திருக்கிறவர் பள்ளிக்கூடத்துக்கு ஏன் கொடுக்கிறார்?

2021 நவம்பரில் ஓர் அதிசயம் நடந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகிப் புதிய தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. ராத்திரி பேரூராட்சியில் படுத்தோம், காலையில் மாநகராட்சியில் எழுந்தோம். மேற்படி கணக்குப்படி பார்த்தால், குழந்தைகள் ஓடி விளையாட ஒரு ஏக்கர் அவசியம் என்றிருந்த இடத்தில் திடீரென்று 6 கிரவுண்டு போதுமென்று ஆகிவிட்டது. குழந்தைகளின் கால்கள் என்னவோ அதே நீளந்தான். எங்களுக்கு இதனால் லாபமில்லை. நாங்கள் இருந்தது இரண்டே கிரவுண்டு. ஆனால் 6 கிரவுண்டு வைத்திருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் தங்கள் மண்ணின் மதிப்புத் தெரிந்து போயிற்று.

கொரோனாவுக்குப் பிறகு சிறு வகுப்புகள் மறுபடி திறந்ததும் அதே 2021 நவம்பரில்தான். ஏறக்குறைய இருபது மாதம் பூட்டிக் கிடந்த பள்ளிகளில் சில அப்படியே மூடிப் போயின. மிஞ்சியவை எல்லாம் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக் கொண்டிருந்தன. யாருடைய வீடு காலியாகும், யாருடைய பிள்ளைகள் நம்மிடம் வருவார்கள் என்று. வெளியில் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நானும் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன்.

2022 அக்டோபரில் எங்களுக்கு ஓலை வந்தது. வீட்டுக்காரப் பெரியவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய புதல்வர்கள் இருவரும் வெளிநாட்டில். வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்ட ஒருவரோடு ஒப்பந்தம் செய்து கொண்டு விட்டார்கள். மரியாதையான கடிதம். அடுத்த மே மாதக் கடைசிக்குள் காலி செய்து தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சட்டப்படி அவ்வளவு அவகாசம்கூட அவர்கள் தந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கையிலிருந்தது 11 மாதத்து ஒப்பந்தந்தான்.

இந்த 11 மாத ரகசியம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரம் பதிவு செய்தாக வேண்டும்; முத்திரைச் செலவு உண்டு; பிறகு சொந்தக்காரர் நினைத்தபோது நினைத்ததைச் செய்ய முடியாது. ஆகையால் அவர்கள் 11 மாதத்துக்கு மேல் பேச மாட்டார்கள். கல்வி அலுவலகமோ, நீண்ட காலப் பத்திரம் எங்கே என்று கேட்கும். அங்கீகாரம் பதினொரு மாதத்தில் முடியாது. குழந்தையின் படிப்பும் பதினொரு மாதத்தில் முடியாது. நடுவில் நிற்பவன் காரியதரிசி.

தேடினேன். முடிச்சூரில் ஒரு பெரிய வீடு காட்டினார்கள். விசாலமான கூடம், சுற்றிலும் தோட்டம், வாடகையும் மலிவு. இவ்வளவு மலிவாக இருக்கிறதே என்று சுவரைப் பார்த்தேன். என் மார்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடிற்று. 2015 டிசம்பரில் அடையாறு வந்து போன அடையாளம். ஒரு கலியாண மண்டபத்துக்காரர், முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் பள்ளிக்கூடம் நடத்திக் கொள்ளலாம் என்று தாராளமாகச் சொன்னார். இன்னொருவர், "பள்ளிக்கூடமா? சத்தம் போடுவார்களே!" என்றார். அவருடைய வீட்டுக்கு நேர் மேலே மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை ஆகாய விமானம் போய்க் கொண்டிருந்தது.

தை மாதம் பிறந்ததும் தரகர் ஓடி வந்தார். "ஸார், சேலையூரில் ஒரு வீடு. பள்ளிக்கூடத்துக்கென்றே கட்டினாற் போல் இருக்கும். வாசலில் பெரிய மாமரம். அகலப் படி. இரண்டு பக்கமும் வழி. உடனே வந்து பாருங்கள்" என்றார்.

போனேன். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. மாமரம் இருந்தது. அகலப் படி இருந்தது. மாமரத்தின் கீழே நாற்பது செருப்புகளும் வரிசையாக இருந்தன. உள்ளேயிருந்து ஏழாம் வாய்பாடு கேட்டது.

"இங்கே ஏற்கெனவே பள்ளிக்கூடம் நடக்கிறதே!" என்றேன்.

"நடந்தால் என்ன, ஸார்? அவர்கள் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. 72,000 கொடுக்கிறார்கள். நீங்கள் 80 என்று சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக் கொள்கிறேன்."

ஏழாம் வாய்பாட்டில் ஏழெட்டு அன்பத்தாறு என்று குழந்தைகள் நீட்டி முழக்கின. நான் பேசாமல் வீடு திரும்பினேன்.

கமிட்டியில் விஷயத்தைப் பிரஸ்தாபித்தேன். அன்றைக்கு நடந்த விவாதத்தை நான் லேசில் மறக்க மாட்டேன். கமிட்டியில் இருந்தவர்களில் ஒருவரும் துஷ்டர்கள் அல்ல. "நமக்கும் 212 குழந்தைகள் இருக்கின்றன. நாம் நடுத்தெருவில் நின்றால் அந்தப் பள்ளிக்காரர்கள் நமக்கு இடம் தருவார்களா?" என்றார் ஒருவர். "நாம் எடுக்காவிட்டால் வேறொருவன் எடுக்கப் போகிறான், அவனாவது நல்லவனாயிருப்பானா?" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் ஓய்வு பெற்ற தலைமை உபாத்தியாயர். அவர் வெகு நேரம் பேசவில்லை. கடைசியில், "80 கொடுப்பதென்றால் எந்த டீச்சரின் சம்பளத்திலிருந்து கொடுக்கப் போகிறோம்?" என்று மட்டும் கேட்டார். தீர்மானம் ஒன்றும் ஆகவில்லை. தீர்மானம் ஆகாத கூட்டங்களில் வழக்கமாக நடப்பதுபோல, காரியதரிசி "விசாரித்துச் சொல்ல" வேண்டுமென்று ஏற்பட்டது.

அந்த வாரத்தில் என் தங்கையின் மகன் கலிபோர்னியாவிலிருந்து பேசினான். அவன் குழந்தை படிப்பது "சார்ட்டர்" பள்ளி. சர்க்காரே பணம் கொடுக்கும். நடத்துவது தனியான ஒரு குழு. மினசோட்டா மாகாணத்தில் 1991ஆம் வருஷம் இதற்கு முதல் சட்டம் வந்தது. "அங்கே உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதிர்ஷ்டசாலிகள்!" என்றேன். அவன் சிரித்தான். பணம் கிடைத்தாலும் அங்கேயும் கட்டிடந்தான் தகராறாம். 2000ஆம் வருஷத்தில் கலிபோர்னியா ஜனங்கள் வோட்டுப் போட்டு ஒரு விதி செய்தார்கள்: மாவட்டத்துப் பள்ளி நிர்வாகம் சார்ட்டர் பள்ளிக்கும் தன் பள்ளிகளுக்கு ஈடான இடம் தரவேண்டும் என்று. அதற்கு வருஷா வருஷம் நவம்பர் 1ஆம் தேதிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். இந்த வருஷம் கொடுத்த இடத்தை அடுத்த வருஷமும் கொடுப்பார்கள் என்பது நிச்சயமில்லை. நியூயார்க் நகரில் ஒரே கட்டிடத்தின் ஒரு மாடியில் நகரத்துப் பள்ளியும் மறு மாடியில் சார்ட்டர் பள்ளியும் நடப்பது சகஜம். 2014இல் மேயர் டி பிளாஸியோ அப்படி மூன்று பள்ளிகளுக்குக் கொடுத்திருந்த அனுமதியை மாற்றப் போய், பெரிய ரகளையாகி, இடம் கொடு அல்லது வாடகை கொடு என்று மாகாணச் சட்டசபையே விதி செய்தது. இவ்வளவையும் அவன் சொல்லி முடித்தபோது எனக்கு ஓர் அற்பத் திருப்தி ஏற்பட்டதை ஒப்புக் கொள்கிறேன். சிட்லபாக்கத்துத் தலைவலி நியூயார்க்கிலும் இருக்கிறதல்லவா?

திருப்தி மறுநாள் காலை வரையில்தான் இருந்தது. அன்று நான் மாமரத்து வீட்டுக்குத் தனியாகப் போனேன், தரகருக்குச் சொல்லாமல்.

அந்தப் பள்ளியின் தலைமை உபாத்தியாயினி ஐம்பது வயது மதிக்கத் தக்க அம்மாள். அந்த வட்டாரத்தில் எல்லாரும் அவரை "டீச்சர்" என்றே சொல்வார்கள். நான் யார் என்று சொன்னதும், "தெரியும் ஸார், உட்காருங்கள். தரகரோடு அன்றைக்கு வந்தீர்களே, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்" என்றார்.

எனக்குக் காது சுட்டது.

"வீட்டைப் பார்க்க வந்தது உண்மை, டீச்சர். உள்ளே பள்ளிக்கூடம் இருக்கிறதென்று தெரியாது" என்றேன்.

"உங்கள் வீட்டைப் பார்க்க நானும் வந்திருக்கிறேன். 2019இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலி வீடு என்று சொல்லி இதே தரகர்தான் அழைத்து வந்தார். உள்ளே கரும்பலகையில் 'நாளை நகம் பார்க்கப்படும்' என்று எழுதியிருந்தது. உடனே திரும்பி விட்டேன்."

2019! அந்த வருஷந்தான் எங்கள் வீட்டுக்காரப் பெரியவர், "வேறொரு பள்ளிக்காரர் 70,000 கொடுக்கத் தயாராயிருக்கிறார்" என்று சொல்லி, 62,000 ரூபாயாக இருந்த வாடகையை 70 ஆக்கினார். அந்த வேறொரு பள்ளிக்காரர் யார் என்று மூன்று வருஷமாக நாங்கள் திட்டிக் கொண்டிருந்தோம்! அவர் எதிரே உட்கார்ந்து எனக்கு மோர் கொடுத்துக் கொண்டிருந்தார். தரகரிடம் அவர் எழுபது என்ற எண்ணை உச்சரிக்கக்கூட இல்லையாம்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போன வருஷம் எங்களுக்கும் 60 இருந்தது 72 ஆயிற்று, ஸார். யாரோ ஒரு பள்ளிக்காரர் 70 வரையில் வருகிறார் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். கொடுக்காவிட்டால் காலி செய்ய வேண்டும். பாட்டு டீச்சரை நிறுத்தினேன். ஆயா இருவரில் ஒருவரை நிறுத்தினேன்."

போன வருஷம் என்றதும் எனக்கு ஒரு பழைய தொலைபேசிப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. 2022 பிப்ரவரியோ மார்ச்சோ இருக்கும். நான் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். "சேலையூரில் நல்ல வீடு ஒன்று வரும் போலிருக்கிறது, ஸார். எதுவரையில் போவீர்கள்?" என்று தரகர் கேட்டார். "எழுபது வரையில் யோசிக்கலாம்" என்றேன். எந்த வீடு, யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ரசம் ஆறிக் கொண்டிருந்தது. அத்துடன் அதை மறந்தும் போனேன்.

34 வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஓர் எண்ணை எழுதுமுன் அது எங்கே போய் விழும் என்று பார்க்க வேண்டுமென்று எத்தனை குமாஸ்தாக்களுக்கு உபதேசம் செய்திருப்பேன்! நான் சொன்ன எழுபது போய் விழுந்த இடத்தில் ஒரு பாட்டு டீச்சரும் ஓர் ஆயாவும் இருந்தார்கள்.

டீச்சரிடம் சொல்லி விட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்த மோரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வர முடியவில்லை. அவர் சற்று நேரம் மாமரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் இரண்டு வீட்டுக்கும் வாடகை ஏற்றியிருக்கிறோம்" என்றார்.

அன்றைக்கே ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதினோம். மற்ற பள்ளியின் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வீட்டை, அந்தப் பள்ளியைக் கேட்காமல் பார்க்கப் போவதில்லை. தரகரிடம் தொகை சொல்லுமுன் மற்றவருக்குச் சொல்லி விடுவது. ஒருவருக்குப் பொருந்தாத வீட்டை மற்றவருக்குக் காட்டுவது. வருஷ நடுவில் மற்ற பள்ளியின் உபாத்தியாயினியையோ பிள்ளைகளையோ இழுப்பதில்லை. சட்டத்தின் முன்னால் இதற்கு ஒரு காலணா மதிப்பும் கிடையாது. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பிள்ளைகளைச் சேர்ப்பதில் போட்டி உண்டா என்று கேட்டேன். "ஏன் இல்லாமல்? நன்றாகப் போடுவோம். எங்கள் பிள்ளைகளின் கையெழுத்தை வந்து பாருங்கள்" என்றார். பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது. இன்னும் அந்த ஆத்திரம் எனக்குத் தீரவில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்தால் சௌகரியமாக இருக்கும். ஆனால் மாமரத்து வீட்டுக்கு ஒரு சொந்தக்காரி உண்டு. அவர் மாடியின் ஒரு பகுதியில் தனியாக வசிக்கும் வயோதிக அம்மாள். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்து நீண்ட காலக் குத்தகை கேட்கலாமென்று போனோம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக் கொண்டு எனக்கு விலை சொல்ல வந்திருக்கிறீர்கள்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குழந்தைகளுக்காக என்கிறீர்கள். சரி. மருந்துக் கடைக்காரன் எனக்குக் குழந்தைகளை முன்னிட்டு விலை குறைப்பானா? இந்த வாடகைதான் எனக்குச் சாப்பாடு, மருந்து, வேலைக்காரி எல்லாம். உங்கள் தர்மத்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?"

இதற்கு இன்று வரையில் என்னிடம் சரியான பதில் இல்லை. வியாபாரிகள் கூடிப் பேசி விலையை அமுக்கினால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்காரர்கள் செய்தால் வேறு பெயர் ஆகிவிடுமா? டீச்சர்தான் சமாளித்தார். "வாடகையைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை, அம்மா. 72,000 அப்படியே இருக்கட்டும். வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து ஏற்றித் தருகிறேன். ஐந்து வருஷத்துக்குப் பத்திரம் பதிவு செய்து கொடுங்கள். வீடு ஒரு நாள்கூடக் காலியாக நிற்காது. வெள்ளையடிப்பது என் பொறுப்பு. தரகுக் கூலி கிடையாது" என்றார். அம்மாள் கையில் பேனாவை வாங்கித் தாமே கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு வாரம் யோசித்தார். பிறகு சம்மதித்தார். 80,000 கிடைத்திருக்குமே என்ற குறை அவருக்கு இன்னும் இருக்கிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லத் தவறுவதில்லை.

பத்திரப் பதிவுக்கான செலவில் ஒரு பங்கு நான் தருகிறேன் என்றேன். டீச்சர் ஒப்பவில்லை. "அதற்குப் பதிலாகப் பாட்டு டீச்சருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கொடுங்கள். மற்ற இரண்டு நாள் நான் வைத்துக் கொள்கிறேன்" என்றார். கமிட்டியில் இதை நிறைவேற்ற நான் பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது.

எங்கள் பள்ளிக்கு ஏப்ரல் பிறந்தும் வீடு இல்லை. அந்த நாட்களில் கிறிஸ்தவக் கல்லூரியின் காட்டோரமாக நடந்து போகும்போது ஓர் எண்ணம் தோன்றும். ஆண்டர்ஸன் என்ற பாதிரியார் 1837ஆம் வருஷம் ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியன் தெருவில் ஒரு வாடகை வீட்டில்தான் அந்தப் பள்ளியை ஆரம்பித்தார். அது கல்லூரியாக வளர்ந்து தாம்பரத்துக்கு வந்து ஏறக்குறைய 375 ஏக்கர் காட்டில் குடியேறியது 1937இல். சரியாக நூறு வருஷம்! எங்களுக்கு மே 31ஆம் தேதி வரையில்தான் தவணை.

கடைசியில் டீச்சர்தான் வழி காட்டினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு சிறு ஆஸ்பத்திரி. அவருடைய உறவினர் ஒருவர் மூலமாகத் தெரிய வந்தது. நேயர்களில் யாராவது பள்ளிக்கூடம் நடத்துவதாயிருந்தால் ஒன்று சொல்லி வைக்கிறேன்: பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தை விடாதீர்கள். அகலப் படி, சறுக்குப் பாதை, ஏராளமான கழிப்பிடம், இரண்டு பக்கமும் வாசல். அதிகாரிகள் எல்லாரும் முதல் தடவையிலேயே தலையை ஆட்டி விட்டார்கள். மரம்தான் ஒன்றுகூட இல்லை.

2023இல் வெயிலின் கொடுமையால் சிறு வகுப்புகள் ஜூன் 14ஆம் தேதிதான் திறந்தன. அன்றைக்கு வந்து சேர்ந்த குழந்தைகள் 166. தூரமென்று 46 பேர் நின்று விட்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் சேலையூர் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் எழுதிய நாலு வரியில் இது சேர்த்தியா இல்லையா என்று அவரே கேட்டனுப்பினார். வருஷ ஆரம்பத்தில் தாமாகப் போனவர்களை இழுத்ததாகச் சொல்ல முடியாது என்று பதில் எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது.

அந்தக் காகிதத்தில் பிறகு மூன்றாவதாக ஒரு பள்ளியும் கையெழுத்துப் போட்டது. பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய பள்ளிக்கும் கொண்டு போனோம். அதன் நிர்வாகி எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "நல்ல காரியம்" என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். அடுத்த வருஷம் பக்கத்து ஊரில் ஒரு சிறு பள்ளியின் வீடு அவர்களுடையதாயிற்று. சட்டத்துக்கு விரோதமாக அவர்கள் ஒன்றும் செய்து விடவில்லை.

பாட்டு டீச்சர் செவ்வாய், புதன், வெள்ளி எங்களிடம் வருகிறார். பழைய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையில் வகுப்பு நடக்கிறது. அந்த அறையில் குரல் நன்றாக எதிரொலிக்கிறது என்கிறார்.

சென்ற மாதம் அதே தரகர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஸார், மாடம்பாக்கத்தில் ஓர் இடம். முழுசாக ஆறு கிரவுண்டு. நீங்கள் ஆறாம் வகுப்பு ஆரம்பிக்க வேண்டும் என்றீர்களே! எதுவரையில் போவீர்கள்?"

"உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை.

"பார்த்துச் சொல்கிறேன், ஸார்" என்றார்.